தாய்மாருக்குத் தெரிந்திருந்தது, ஆனால் கொடுக்கவில்லை: வங்கதேசத்தின் உப்பு–வெல்லக் கரைசல் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1980களின் தொடக்கத்தில் வங்கதேசத்துக் கிராமங்களில் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் கண்காணிப்பாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். சில வாரங்களுக்கு முன் அந்த வீட்டுத் தாய்மாருக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்பும் வெல்லமும் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் பாடம். என்ன செய்வீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானோர் தடுமாறாமல் சொன்னார்கள். கரைத்துக் காட்டுங்கள் என்றால் காட்டினார்கள், அளவும் சரியாகவே இருந்தது. அடுத்த கேள்வியில்தான் சிக்கல். போன தடவை பிள்ளைக்கு வயிற்றால் போனபோது கொடுத்தீர்களா? பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடவைகளில்தான் கொடுத்திருந்தார்கள்.

சமுதாய நலப்பணியில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான நிலைமை. பயிற்சி முடிந்தது, கையெழுத்து வாங்கியாயிற்று, தேர்வில் எல்லோரும் பாஸ். வீட்டுக்குள் மட்டும் எதுவும் மாறவில்லை. பிராக்கின் அனுபவத்தை விரிவாகப் பார்ப்பதற்குக் காரணம், அவர்கள் இந்த இடத்தில் ‘மக்களுக்கு அறிவு போதாது’ என்று எழுதிவிட்டு மூட்டை கட்டவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று ஆள் வைத்து விசாரித்தார்கள். கிடைத்த பதில்களில் பாதி தாய்மாரைப் பற்றியது, பாதி நிறுவனத்தைப் பற்றியது.

பின்னணி

வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிரை எடுப்பது பெரும்பாலும் நீரிழப்புதான். கிருமி சில நாளில் தானாகப் போய்விடும், அதுவரை உடம்பில் தண்ணீரும் உப்பும் இருக்க வேண்டும். வெறும் உப்புத் தண்ணீரைக் குடித்தால் குடல் அதை எடுத்துக்கொள்ளாது. கூடவே குளுக்கோஸ் இருந்தால் சிறுகுடலின் சுவர் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே இழுக்கும், தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகும். உயிர்வேதியியல் அறிஞர் ராபர்ட் கிரேன் 1960இல் முன்வைத்த விளக்கம் இது. காலரா நச்சு குடலை எவ்வளவு பாடுபடுத்தினாலும் இந்த ஒரு வழியைக் கெடுப்பதில்லை. எல்லாம் இதை நம்பித்தான் நடக்கிறது.

1968இல் டாக்காவின் காலரா ஆராய்ச்சிக்கூடத்தில் அமெரிக்க மருத்துவர்கள் டேவிட் நலினும் ரிச்சர்ட் கேஷும், வங்காளச் சக மருத்துவர்களோடு சேர்ந்து, வாய்வழியாகக் கொடுக்கும் கரைசல் காலரா நோயாளிகளுக்கு நரம்பு வழியாக ஏற்றும் திரவத்தின் தேவையை ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது என்று காட்டினார்கள். அது ஆஸ்பத்திரிக்குள் நடந்தது. வெளியே வந்தது 1971 வங்கதேச விடுதலைப் போரின்போது. எல்லையைத் தாண்டி லட்சக்கணக்கில் அகதிகள் வந்த மேற்கு வங்கத்தின் போங்காவ் முகாமில் சலைன் பாட்டில் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலனோபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் பொட்டலம் கட்டி, பெரிய டிரம்மில் கரைத்து, நோயாளியின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்தார். முப்பது சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. 1978இல் லான்செட் மருத்துவ இதழின் தலையங்கம் இதை இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடியது என்று எழுதியது. மகலனோபிஸ் 2022இல் காலமானார், மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

பிராக்கின் கதை இதற்குப் பிறகு தொடங்குகிறது. ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் கணக்குத் துறை அதிகாரியாக இருந்த ஃபஸ்லே ஹசன் அபேத் 1972இல், போரில் நொறுங்கிய சுல்லா பகுதியில் மறுவாழ்வு வேலைக்காகத் தொடங்கிய அமைப்பு அது. 1979 சர்வதேசக் குழந்தைகள் ஆண்டு. அதையொட்டி நாடு முழுக்க ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தக் கரைசலைக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தார்கள். பொட்டலம் தயாரித்து, அத்தனை கிராமங்களுக்கும் மழைக்காலத்தில் படகில் அனுப்பி, தீர்ந்ததும் மறுபடி அனுப்பும் அளவுக்கு அன்றைய வங்கதேசத்தில் வசதி கிடையாது. எனவே சமையலறையில் இருப்பதை வைத்துத்தான் செய்தாக வேண்டும்.

ஒரு சிட்டிகை, ஒரு பிடி

சமையலறையில் தராசு இல்லை, அளவுக் கரண்டி இல்லை. கைதான் அளவு. மூன்று விரலால் எடுக்கும் உப்பு, ஆள்காட்டி விரலின் முதல் கோடு வரை. ஒரு பிடி வெல்லம். அரை சேர் தண்ணீர், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. சர்க்கரை விலை அதிகம். வெல்லம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு, அதில் கொஞ்சம் பொட்டாசியமும் இருக்கிறது.

எழுதிப் பார்க்க எளிது. கையால் எடுக்கும்போது ஆளுக்கு ஆள் மாறும். உப்பு குறைந்தால் பயன் குறையும், கூடினால் ஆபத்து. ஏற்கெனவே நீர் வற்றிய பிள்ளைக்கு ரத்தத்தில் சோடியம் ஏறினால் வலிப்பு வரை போகும். இந்தப் பயத்தால் பல மருத்துவர்கள் ‘எழுதப் படிக்கத் தெரியாத தாயிடம் இதை ஒப்படைப்பதா?’ என்று கேட்டார்கள். கேள்வியில் கொஞ்சம் மேட்டிமை இருக்கிறது, ஆனால் அபாயம் நிஜம். பிராக் அதற்கு வாதம் செய்து பதில் சொல்லவில்லை. பல பெண்களைக் கரைக்கச் சொல்லி, மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பி அளந்து பார்த்தார்கள். கற்றுக்கொடுத்த பிறகு பெரும்பாலானோர் பாதுகாப்பான எல்லைக்குள் கரைத்தார்கள். தண்ணீர்தான் கூடுதல் தொல்லை கொடுத்தது. ஒவ்வொரு வீட்டுப் பாத்திரமும் ஒரு அளவு. ஆகவே பணியாளர் கையோடு கொண்டுபோன அரை சேர் அளவை அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் அடையாளம் போட்டுக் கொடுத்தார்.

பாடம் நடந்த விதம் இப்படி. பணியாளர் முற்றத்தில் உட்காருவார், சில பெண்கள் சுற்றி இருப்பார்கள். நினைவில் வைக்க வேண்டிய பத்துக் குறிப்புகள் உண்டு: வயிற்றுப்போக்கு என்றால் என்ன, எப்போது ஆபத்து, எப்படிக் கரைப்பது, எவ்வளவு கொடுப்பது, சாப்பாட்டையும் தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது, இந்த மாதிரி. முதலில் படங்கள் வரைந்த அட்டைகளை வைத்துச் சொல்லிப் பார்த்தார்கள், பின்னால் அதை விட்டுவிட்டு நேருக்கு நேர் பேச்சுக்கு வந்தார்கள். பணியாளர் கரைத்துக் காட்டி நிறுத்திவிடக் கூடாது. தாய் தன் கையால் உப்பை எடுக்க வேண்டும், வெல்லத்தை உடைத்துப் போட வேண்டும், கட்டி கரையும் வரை கலக்க வேண்டும், குடித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் கரைப்பவர்களுக்கு இன்றைக்கும் சொல்லப்படும் சோதனை இந்தக் கடைசிப் படியில்தான் இருக்கிறது: கண்ணீரை விட உப்புக் கரிக்கக் கூடாது. கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும்.

சம்பள முறையும் வித்தியாசமானது. ஒரு பணியாளர் எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதற்குப் பணம் இல்லை. பின்னால் வரும் கண்காணிப்பாளர், அவர் கற்றுக்கொடுத்த வீடுகளில் ஒரு பகுதியைத் தானாகத் தேர்ந்தெடுப்பார். குறிப்புகள் எத்தனை நினைவிருக்கின்றன, கரைசல் சரியா என்று பார்த்துத் தரம் போடுவார். மேல் தரத்துக்கு அதிகப் பணம், கடைசித் தரத்துக்கு ஒன்றும் கிடையாது. பாராட்டப்பட்ட முறைதான். ஆனால் அது அளந்தது தாயின் நினைவை மட்டும்தான். அதற்குத்தான் பணம், எனவே அதுதான் கிடைத்தது. பிள்ளைக்குக் கொடுத்தாளா என்பது கணக்கில் இல்லை. இதைத் திட்டத்தின் குறை என்றே சொல்வேன். ஆனால் அதைக் கண்டுபிடித்ததும் அவர்களே.

ஏன் கொடுக்கவில்லை

விசாரித்தபோது முதலில் வெளிவந்தது, மக்கள் மனத்தில் வயிற்றுப்போக்கு என்று ஒரே நோய் இல்லை என்பது. வங்கதேசக் கிராமங்களில் நான்கு வகை சொன்னார்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குத் தாயின் உணவால் வருவது துத் ஹாகா. செரிக்காமல் வருவது அஜிர்னோ. சளியும் ரத்தமுமாகப் போவது அமாஷா. தண்ணீராய்க் கொட்டுவது, காலரா மாதிரி வருவது, அதுதான் டாயரியா. பணியாளர் ‘டாயரியாவுக்குக் கரைசல் கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போனார். தாயும் அதைத்தான் செய்தார். தண்ணீராய்க் கொட்டியபோது கணிசமான பேர் கொடுத்திருந்தார்கள். மற்ற மூன்று வகைக்கும் கொடுக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் கணக்கில் அவை வேறு நோய். நோய்கள் பெரும்பாலும் அந்த மூன்றில்தான் விழுந்தன. ஆக, மொத்தக் கணக்கில் பயன்பாடு அடிமட்டத்தில் நின்றது.

நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. பல் முளைக்கும்போது போகிறது என்பார்கள். செரியா மாந்தம் என்பார்கள். குடல் ஏறியிருக்கிறது, எண்ணெய் போட்டுத் தட்டிவிட்டால் சரியாகும் என்று வயிற்றை நீவுபவரிடம் தூக்கிப் போவார்கள். சீதபேதி தனி. ‘வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ்’ (இதே கரைசலுக்கான தூள் பொட்டலம்) என்று சுவரில் எழுதிவைத்தால், குடலேற்றம் என்று நினைக்கும் பாட்டி அந்தச் சுவரைப் படித்துவிட்டுத் தன் பேரனுக்கு இது பொருந்தாது என்று நகர்ந்துவிடுவார். அவர் படித்தது சரி, முடிவெடுத்ததும் அவர் கணக்குப்படி சரி.

இரண்டாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. தாய்க்கு வேண்டியது போக்கு நிற்பது. கரைசல் அதை நிறுத்தாது, உடம்பு வற்றாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். சில சமயம் கொடுத்ததும் இன்னும் போவது மாதிரிக்கூடத் தெரியும். ‘கொடுத்தேன், நிற்கவில்லை, விட்டுவிட்டேன்’ என்பது நியாயமான பேச்சு. அவருக்கு எதைச் சொல்லிக் கொடுத்தோம், எதைச் சொல்லாமல் விட்டோம் என்பதுதான் கேள்வி. கிராமத்து வைத்தியரோ கம்பவுண்டரோ கொடுக்கும் மாத்திரை போக்கை நிறுத்தும், அல்லது நிறுத்துவதாகத் தோன்றும். காசு கொடுத்து வாங்கியது, வேலை செய்ததும் கண்ணுக்குத் தெரிகிறது. அடுப்படி உப்பும் வெல்லமும் இதோடு எப்படிப் போட்டி போடும்? காசு இல்லாமல் கிடைப்பதை மருந்தாக நினைக்க மனம் ஒப்பாது. இங்கேயும் ‘ஒரு ஊசி போட்டாத்தான் கேக்கும்’ என்று சொல்பவர்கள் குறைவில்லை.

மூன்றாவதுதான் பிராக்கை உலுக்கியிருக்க வேண்டும். கற்றுக்கொடுத்த பணியாளர்களே அதை நம்பவில்லை. தங்களுக்கு வயிற்றால் போனபோது அவர்களில் பலர் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருந்தார்கள். பத்துக் குறிப்புகளையும் பிசகாமல் ஒப்பித்தார்கள், ஆனால் கரைசல் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? சொல்பவரின் குரலில் உறுதி இல்லாததைக் கேட்பவர் முதலில் கண்டுகொள்வார். மாதிரி கரைத்துக் காட்டிவிட்டு அதைத் தான் ஒரு வாய் குடிக்காத பணியாளரை எந்தத் தாய் நம்புவார்?

ஆண்கள் விடுபட்டது நான்காவது. பாடம் பெண்களுக்கு, பெண்களால் நடத்தப்பட்டது. பர்தா வழக்கம் இருந்த கிராமங்களில் வேறு வழியும் இல்லை. ஆனால் சந்தைக்குப் போய் மருந்து வாங்குவது ஆண், வைத்தியரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் ஆண். வெளியூர்ப் பெண்கள் வந்து தங்கள் வீட்டுப் பெண்களிடம் என்ன பேசிவிட்டுப் போனார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது, சந்தேகம் வேறு. தாய் கரைசல் கலக்க ஆரம்பித்தால் ‘இதென்ன, பிள்ளை இப்படிக் கிடக்கிறான், நீ வெல்லத் தண்ணி கலக்கிறாய்’ என்று ஒரு வார்த்தை போதும்.

மாற்றியவை

மாற்றங்கள் பெரிய செலவு பிடித்தவை அல்ல. பணியாளர்களை டாக்காவில் உள்ள வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையத்துக்கு அழைத்துப்போனார்கள். துவண்டு கிடந்த பிள்ளைகள் கரைசலைக் குடித்தே எழுந்து உட்காருவதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்றும் விளக்கினார்கள். அதன் பிறகு தாய்மார் முன் தாங்களே குடித்துக் காட்டினார்கள். குறிப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ‘டாயரியா’ என்ற ஒற்றைப் பேச்சை விட்டு, அந்தந்த ஊரார் சொல்லும் வகைகளின் பெயரைச் சொல்லி எதற்கெல்லாம் கொடுக்கலாம் என்று பேசினார்கள். ஆண் பணியாளர்கள் சந்தையிலும் மசூதியிலும் பள்ளியிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். கிராமத்து வைத்தியர்களையும் ஒதுக்காமல் போய்ப் பார்த்தார்கள். வானொலியும் சேர்ந்துகொண்டது. தாய் கரைசலைக் கொடுத்தாளா என்பதையும் கண்காணிப்பில் கேட்க ஆரம்பித்தார்கள்.

1980 முதல் 1990 வரை சுமார் 1.2 கோடி வீடுகளுக்குப் போனார்கள். பெரும்பாலும் நடந்தே. பயன்பாடு ஒரே நாளில் ஏறவில்லை, ஆண்டுக்கு ஆண்டு மெல்ல ஏறியது. இன்றைக்கு வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு வரும் குழந்தைகளில் பத்துக்கு ஏழெட்டுப் பேர் அளவில் ஓஆர்எஸ் பெறுகிறார்கள், உலகிலேயே உயர்ந்த அளவுகளில் ஒன்று இது. குழந்தை இறப்பு குறைந்ததற்கு முழுப் பெருமையையும் கரைசலுக்கே கொடுத்துவிட முடியாது. தடுப்பூசி, குழாய்க் கிணறு, பெண் கல்வி எல்லாம் அதே காலத்தில்தான் வந்தன.

கதையில் ஒரு திருப்பம் உண்டு. இன்று அந்த வீடுகளில் பெரும்பாலும் கலக்குவது கடையில் வாங்கும் பொட்டலம். கை அளவுக் கரைசல் பின்னுக்குப் போய்விட்டது. அது தோல்வி இல்லை. வயிற்றால் போனால் முதலில் குடிக்கக் கொடு என்ற வழக்கத்தை உப்பும் வெல்லமும் ஊன்றின, பொட்டலம் அந்த வழக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அளவுப் பிழைக்கு இடம் குறைவு என்பதால் பொட்டலம் கிடைக்கிற இடத்தில் அதுவே மேல். 2004இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பழைய கலவையைவிட உப்பும் குளுக்கோஸும் குறைந்த புதிய கலவையையும், கூடவே 10 முதல் 14 நாள் துத்தநாகத்தையும் பரிந்துரைத்தன.

இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். அரிசி மாவைக் காய்ச்சிச் செய்யும் கரைசலைப் பிராக் முயன்று பார்த்தது. தாய்மாருக்கு அது பிடித்தது, போக்கைச் சீக்கிரம் குறைக்கிறது என்றும் சொன்னார்கள். ஆனால் கொடுத்தது வெல்லக் கரைசலைவிடக் குறைவு. அடுப்பு மூட்ட வேண்டும், விறகு வேண்டும், ஆறும் வரை காத்திருக்க வேண்டும். நல்லது என்று ஒப்புக்கொள்வதும் நடுராத்திரியில் எழுந்து செய்வதும் ஒன்றல்ல. கேள்வித்தாளில் ‘உங்களுக்குப் பிடித்ததா?’ என்று மட்டும் கேட்டிருந்தால் அரிசிக் கரைசல்தான் ஜெயித்திருக்கும்.

நம் பக்கம்

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் 60.6 சதவீதம் பேருக்குத்தான் ஓஆர்எஸ் கிடைத்தது. பொட்டலம் கிடைக்காத ஊர் இன்று அரிது, விலையும் சொற்பம். பின் ஏன்?

2024இல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வு இதற்குக் கூர்மையான பதில் தந்தது. கர்நாடகத்திலும் பீகாரிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தனியார் மருத்துவர்களிடம், பயிற்சி பெற்றவர்கள் குழந்தையின் தந்தை போல நடித்து, பிள்ளைக்கு வயிற்றால் போகிறது என்று சொன்னார்கள். சிலர் தங்களுக்கு ஓஆர்எஸ் வேண்டும் என்பது தெரியும்படி பேசினார்கள், சிலர் ஆன்டிபயாட்டிக் கேட்டார்கள், சிலர் எதுவும் கேட்கவில்லை. இதோடு, சில இடங்களில் ஓஆர்எஸ் பொட்டலங்களை முன்கூட்டியே கொடுத்து இருப்பு தீராமல் பார்த்துக்கொண்டார்கள். ஓஆர்எஸ் எழுதிக் கொடுக்கப்படாததில் 42 சதவீதத்துக்குக் காரணம், நோயாளிக்கு இது வேண்டாம் என்று மருத்துவர் நினைத்துக்கொண்டது. இருப்பு இல்லாதது 6 சதவீதம். மற்ற மருந்தை விற்றால் கிடைக்கும் லாபம் 5 சதவீதம்.

மருத்துவருக்குத் தெரியாமல் இல்லை. ‘இவர் ஊசிக்கும் மாத்திரைக்கும்தான் வந்திருக்கிறார், வெறும் பொட்டலத்தைக் கொடுத்தால் அடுத்த தடவை வேறு டாக்டரிடம் போய்விடுவார்’ என்று அவர் ஊகிக்கிறார். எதிரே இருப்பவர் எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் டாக்டரிடம் இது வேண்டும் என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று அவர் நினைக்கிறார். நோயாளியின் மனப்பான்மை என்று நாம் குறித்துவைப்பதில் எவ்வளவு நோயாளியினுடையது, எவ்வளவு நாமாக அவர்மேல் ஏற்றியது என்று பிரித்துப் பார்க்க இந்த ஆய்வு ஒரு வழி காட்டுகிறது. வங்கதேசத்தில் நம்பாதவர் பணியாளர். இங்கே, நோயாளி நம்பமாட்டார் என்று நம்புபவர் மருத்துவர்.

கிராம சுகாதார செவிலியர், ஆஷா, அங்கன்வாடிப் பணியாளர் யாராக இருந்தாலும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சில வேலைகள் உண்டு. வீட்டில் போனதும் ‘பிள்ளைக்கு என்ன என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?’ என்று பாட்டியைக் கேட்பது முதல் வேலை. குடலேற்றம் என்றால் சரி, தட்டிக்கொள்ளட்டும், ஆனால் வற்றாமல் இருக்க இதையும் கொடுங்கள் என்று சேர்த்துச் சொல்லலாம். போக்கு உடனே நிற்காது, பிள்ளை தெளிவாக இருக்கிறானா, ஒன்றுக்குப் போகிறானா என்று பாருங்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இரண்டாம் நாள் சொன்னால் சமாளிப்பாகத் தெரியும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஒவ்வொரு கரண்டியாகக் கொடுக்கலாம். கண் குழிந்து, தோலைக் கிள்ளினால் மெல்லத் திரும்பி, குடிக்கவே முடியாமல் துவண்டால், அல்லது மலத்தில் ரத்தம் வந்தால், கரைசலோடு உட்கார்ந்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் அப்பா இருந்தால் அவரையும் உட்கார வைத்துத்தான் இதெல்லாம் சொல்ல வேண்டும், கடைக்குப் போகிறவர் அநேகமாக அவர்தான்.

கடையில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஓஆர்எஸ் என்ற எழுத்தோடு பழச்சுவையில் விற்ற அட்டைப்பெட்டி பானங்கள் பலவற்றில் சர்க்கரை மிக அதிகம். அளவு மீறிய சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கைக் கூட்டும். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அப்படிப்பட்ட பானங்களில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. உலக சுகாதார நிறுவனக் கலவைப்படி செய்தது என்று அச்சிட்டிருக்கும் தூள் பொட்டலத்தைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர், சிறிய பொட்டலமும் வருகிறது, எனவே உறையில் போட்டிருக்கும் அளவைப் படித்துவிட்டுக் கலக்க வேண்டும். அரை டம்ளரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டுவது இன்றைக்கும் நடக்கிற தவறு.